சுவரில் ஓர் ஊசித்துளை

கடலில் நெடுந்தூரம் போகிற கயாக் 5 மீட்டருக்கு மேல் நீளமிருக்கும். அகலமோ ஓர் ஆள் இடுப்பை நுழைக்கிற அளவுதான். நடுவில் துடுப்பு போடுபவர் உட்காரும் குழி. அதற்கு முன்னும் பின்னும் குறுக்குச் சுவர் வைத்து, தனித்தனி அறைகளாக அடைத்திருப்பார்கள். கூடாரம், அடுப்பு, பல நாள் சாப்பாடு எல்லாம் மேல்தள மூடியைத் திறந்து அங்கேதான் போகும். சாமான் அறை என்று பேர். படகு கவிழ்ந்து குழியில் நீர் நிரம்பினால் அதை மிதக்க வைப்பது அந்த அறைகளில் அடைபட்டிருக்கும் காற்று.

கிரீன்லாந்து வேட்டைக்காரர்களின் தோல் படகில் இந்தச் சுவர்கள் கிடையாது. மேல்சட்டையையே குழியின் விளிம்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். கவிழ்ந்தால் வெளியே வராமல் அப்படியே நிமிர்வார்கள். சுவரும் ரப்பர் மூடியும் பரவலானதில் 1970களின் பிரிட்டிஷ் படகுகளுக்குப் பெரிய பங்குண்டு. நார்வேயின் வடமுனைப் பயணத்துக்காக 1975இல் ஃபிராங்க் குட்மன் வடிவமைத்த ‘நார்ட்காப்’ அவற்றில் பிரபலமானது. 1977இல் அவரும் மூன்று தோழர்களும் அந்த வகைப் படகிலேயே தென் அமெரிக்காவின் கேப் ஹார்னைச் சுற்றினார்கள்.

ஓர் அறை நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் அமிழ்ந்து, மறுமுனை வானத்தைப் பார்க்கும். அந்தக் கோலத்தில் படகைக் கடலில் காலிசெய்வது பெரும்பாடு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பத்து லிட்டர் தண்ணீர் உள்ளே அலைந்தாலே போதும். படகு சாயும் பக்கமே அதுவும் ஓடி, சாய்வைக் கூட்டும்.

மூடியில் மோதும் அலைதான் நீரை உள்ளே தள்ளுகிறது என்று நினைப்போம். பல சமயம் படகே அதை உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலில் கிடந்த படகின் உள்காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரி கடலில் இறக்கியதும் அந்தக் காற்று சுமார் 8 சதவீதம் சுருங்கப் பார்க்கும். சுவரும் தளமும் சற்றும் நெளியாமல் நின்றால், 20 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் ஏறக்குறைய 25 கிலோ பாரம் உட்கார்ந்ததற்குச் சமம். படகு கொஞ்சம் நெளிந்து கொடுப்பதால் முழு பாரமும் விழுவதில்லை. ஆனாலும் மூடி குழிந்துபோகும். விளிம்பில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தால் அந்த வழியே கடல்நீர் உள்ளே வரும்.

இதற்கு வைத்தியம் கேட்க விநோதமாக இருக்கும்: நீர் புகாத சுவரில் வேண்டுமென்றே துளை போடுவது! குழிக்கும் அறைக்கும் நடுவே, சுவரின் மேல்பகுதியில், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு. காற்று தாராளமாகப் போய்வரும். குழி நிரம்பினாலும் நிமிடத்துக்குக் கால் டம்ளர் கசிந்தால் அதிகம்.

மூடி நன்றாக இருந்தும் அறை நனைகிறதா? முதலில் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புக் கரிக்காவிட்டால் அது உள்ளே வியர்த்த ஈரமாக இருக்கலாம். கரித்தால் தேடல் தொடங்குகிறது. இருட்டில் அறைக்குள் டார்ச்சை எரியவிட்டால் சில ஓட்டைகள் வெளிச்சமாகவே தெரியும். மூடியின் சட்டம் தளத்தோடு ஒட்டும் இடம், போல்ட் துளைகள், சுக்கான் கம்பி நுழையும் வாய் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

பாலிஎத்திலீன் படகில் தொல்லை அதிகம். வெயிலுக்கு அந்தப் பிளாஸ்டிக் விரிந்து சுருங்க, நுரைச் சுவரின் ஓரம் விட்டுப்போகும். சாதாரணப் பசை எதுவும் அதில் சரியாகப் பிடிக்காது. பழையதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கிற சீலன்ட்டைத்தான் பூச வேண்டும்.

ரப்பர் மூடிக்கு எதிரி சூரியன். விரலால் மடக்கினால் மயிரிழை வெடிப்புகள் தெரிகிறதென்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மூடியைக் கயிற்றால் படகோடு கட்டிவைப்பது வழக்கம். அலையில் அது போய்விட்டால் அறை திறந்த வாய்தான். நீண்ட பயணம் போகிறவர்கள் அதற்காகவே சுருக்குக் கயிறு வைத்த உபரி உறை ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் செருகிவைத்திருப்பார்கள்.