நிட், டக், மிஸ்: ரஸ்ட் மொழியில் ஒரு பயிற்சி

திருப்பூரில் 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசி) உள்ள நிட்டிங் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். நூல் வரும் ஃபீடரைக் கடக்கும்போது ஒவ்வோர் ஊசியும் மூன்று வேலைகளில் ஒன்றைத்தான் செய்யும். முழுதாக மேலேறி, புது நூலைப் பிடித்து, பழைய லூப்பைக் கழற்றிவிட்டால் அது நிட். பாதி ஏறி, பழைய லூப்பை விடாமல் புது நூலையும் சேர்த்துப் பிடித்தால் டக். ஏறாமலே போனால் மிஸ். நூல் துணியின் பின்பக்கம் மிதந்து போய்விடும். எந்த ஊசிக்கு எது என்பதை, ஊசிகளை ஏற்றி இறக்கும் கேம் முடிவு செய்கிறது. எல்லா ஊசியும் நிட் என்றால் சிங்கிள் ஜெர்சி. நடுநடுவே சில வரிசைகளில் ஒன்றுவிட்டு ஓர் ஊசி டக் செய்தால் போலோ டி-சர்ட்டுக்கான லக்கோஸ்ட் துணி.

ரஸ்ட் என்ற நிரல் மொழியைக் கற்கும் திருப்பூர் மாணவருக்கு, இந்த மூன்று வேலைகளையும் நிரலாக எழுதுவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. மென்பொருளாளர் கிரேடன் ஹோர் 2006இல் தொடங்கிய, 2015 மே 15 அன்று 1.0 பதிப்பாக வெளிவந்த மொழி அது. சி மொழியைப் போல இயந்திரத்துக்கு மிக அருகில் நின்று வேலை செய்யும். அதிலுள்ள 'மேட்ச்', ஒரு மதிப்பு எந்த வடிவத்தில் வந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய கிளையில் இறங்கும்.

மொழியின் சொந்தச் சொற்கள் ஆங்கிலம்தான். ஆனால் 2021இல் வந்த 1.53 பதிப்பு முதல், நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். 'ஊசி' என்று ஓர் enum வகையை (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) நிட், டக் என்ற இரண்டோடு உருவாக்கி, மேட்சுக்குள் இப்படி எழுதலாம்:

ஊசி::நிட் => "பழைய லூப் கழலும்",
ஊசி::டக் => "இரண்டும் ஊசியில் நிற்கும்",

ஃப்ளீஸ் துணிக்கு மிஸ்ஸும் வேண்டும். வகையில் அதைச் சேர்த்துவிட்டு மேட்சில் சேர்க்க மறந்தால் கம்பைலர் நிரலை ஏற்காது. ஊசி::மிஸ் விடுபட்டது என்று பெயர் சொல்லியே நிறுத்தும். ஓடும் மெஷினில் தெரியவேண்டிய பிழை, எழுதும்போதே பிடிபடுகிறது. ரஸ்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இந்தப் பாதுகாப்பை நாமே கெடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு: அடிக்கோடு. கடைசிக் கிளையாக _ => என்று எழுதினால், மீதி எது வந்தாலும் அதில் விழும். டக்குக்குப் பதிலாக அப்படி எழுதியிருந்தால், பிறகு சேர்த்த மிஸ்ஸும் சத்தமில்லாமல் டக் ஆகிவிடும். டக் துணியை அகலமாக்கும், மிஸ் ஒடுக்கும், இரண்டும் ஒன்றல்ல. பயிற்சிக் காலத்தில் அடிக்கோட்டைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். மேட்ச் எண் வரம்புகளையும் பிரித்துப் பார்க்கும். 180 கேட்ட ஆர்டரில் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ம எண் வராத முழு எண்ணாக (u32) எடுத்துக்கொண்டால் 0..=170 லேசு, 171..=189 பாஸ், 190.. கனம் என்று மூன்று கிளைகள். கடைசிக் கிளையை விட்டுப் பாருங்கள். 190 முதல் மேலே உள்ள எண்களுக்குப் பதில் இல்லை என்று கம்பைலரே எடுத்துச் சொல்லும்.