நாணயத்தாளின் மேல் விழுந்த முத்திரை

பழைய பெட்டகமொன்றின் அடியிலிருந்து நாணயத்தாள் ஒன்று வெளிப்படுகின்றது. அச்சிட்ட உருவமும் இலக்கமும் ஒருபுறமிருக்க, அவற்றின் மேல் பிறிதொரு முத்திரையும் தோன்றுகின்றது. தாள் பழுதுபட்டுவிட்டதென்று வீட்டாருள் ஒருவர் வருந்துவார். பெருநிதி கைக்கு வந்ததென்று மற்றொருவர் மகிழ்வார். பெரும்பாலும் இருவர் எண்ணமும் பிழையாகவே முடியும். முத்திரையைக் குத்தியவர் யார், எப்பொழுது, எதன்பொருட்டு என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே விலையைப் பற்றிப் பேசுதல் தகும்.

1918 ஆம் ஆண்டின் இறுதியில் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியது. அரசு மறைந்தும் அதன் குரோன் தாள்கள் மறையவில்லை. புதிதாய்த் தோன்றிய நாடுகளிலெல்லாம் அதே தாள் வழங்கிற்று. வியன்னாவிலிருந்த வங்கியோ மேலும் மேலும் அச்சிட்டுக்கொண்டிருந்தது. பிறர் அச்சிடும் பணத்தால் தம் சந்தையில் விலை ஏறுவதை எந்த அரசுதான் பொறுக்கும்? தன் எல்லைக்குள் இருந்த தாளை வேறுபடுத்த ஒவ்வோர் அரசும் முத்திரையை நாடிற்று. பின்னர் யூகோசிலாவியா எனப் பெயர் பெற்ற இராச்சியம் 1919 சனவரியில் முந்திக்கொண்டது. ஊர்தோறும் கைக்கெட்டிய முத்திரைகளைக் குத்தினர். போலி முத்திரைகளும் உடனே பெருகின. ஆதலால், அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒட்டுத்தலைகளைக் கொண்டு வேலையை மறுபடியும் செய்ய நேர்ந்தது.

செக்கோசிலோவாக்கியாவின் நிதியமைச்சர் அலோயிஸ் ராஷீன் இன்னும் கண்டிப்பானவர். எல்லைகளை அடைப்பித்து, 1919 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் தாள்களில் ஒட்டுத்தலை ஒட்டச் செய்தார். மக்கள் கொணர்ந்த பணத்தில் ஒரு பங்கை அரசு கட்டாயக் கடனாக நிறுத்திக்கொண்டது. குறித்த நாளுக்குள் வராது மெத்தைக்குள் தங்கிவிட்ட சேமிப்பு அந்நாட்டில் செல்லாப் பணமாயிற்று. ஒரு சிறு தலை ஒட்டப்பட்டதோ இல்லையோ என்பதே ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானித்த காலம் அது. ஒஸ்திரியாவோ ‘ஜேர்மன்-ஒஸ்திரியா’ எனப் பொருள்படும் சொல்லைத் தாளின்மேல் அச்சிட்டது. இத்தாள்கள் பல இன்றும் ஏராளமாய்க் கிடைப்பதால் விலை சொற்பமே. அக்காலத்துப் போலி முத்திரை விழுந்த தாள்களையும் விரும்பித் தேடுவோர் உளர் என்பது வேடிக்கை.

ஹவாய்த் தீவுகளின் கதை வேறு. 1941 டிசெம்பரில் பேள் துறைமுகம் தாக்கப்பட்டபின், தீவுகள் பகைவர் வசப்படின் அங்குள்ள டொலர்களும் அவர் வசமாகுமே என்று அமெரிக்க அரசு அஞ்சிற்று. 1942 சனவரியில் தனி ஒருவர் 200 டொலருக்கு மேல் வைத்திருத்தலாகாது என ஆணை பிறந்தது. திரட்டிய பழைய தாள்கள் பிணஞ்சுடும் உலையிலும் சீனி ஆலையின் உலையிலும் எரிக்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாக யூன் மாதத்திற்குப் பின் வழங்கிய தாள்களில் ‘ஹவாய்’ என்னும் பெயர் பின்புறத்தில் பேரெழுத்திலும், முன்புறத்து இரு ஓரங்களிலும் பொறிக்கப்பட்டிருந்தது. தீவுகள் வீழ்ந்தால் அப்பெயர் கொண்டவற்றை மட்டும் செல்லாதனவாக்கலாம் என்பதே சூழ்ச்சி. இத்தாள்களின் அரச முத்திரை கபில நிறமுடையது. பச்சையோ நீலமோ ஆன முத்திரையுடைய தாளில் ‘ஹவாய்’ என்னும் பெயர் காணப்படின், அது பின்னாளில் எவரோ செய்த கைவேலை.

தமிழருக்கு நெருங்கிய சான்று பர்மா. 1945 இல் யப்பானியப் படை பின்வாங்கியதும், ஆறாம் யோர்ச்சு மன்னர் உருவம் பொறித்த இந்திய ரூபாத் தாள்களின்மேல் ‘பர்மா இராணுவ நிருவாகம், பர்மாவில் மட்டும் செல்லும்’ என ஆங்கிலத்தில் அச்சிட்டு வழங்கினர். 1947 இல் இராணுவ நிருவாகத்தின் பெயர் நீங்கி, பர்மா நாணயச் சபையின் பெயர் வந்தது. செட்டிநாட்டு வணிகரும் தமிழ்த் தொழிலாளரும் வாழ்ந்த நாடாதலின், அவர்தம் வழித்தோன்றல்களின் பெட்டிகளில் இத்தகைய தாள் கிடைப்பின் வியப்பில்லை.

இனி, சோதிக்கும் முறை. உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ், அச்சுப்பொறியில் பதித்த எழுத்தின் விளிம்பு தெளிவாயிருக்கும். இறப்பர் முத்திரையின் மை பரவியும் திட்டுத்திட்டாயும் நிற்கும். தாள் மடிந்து நார் முறிந்த இடத்தில் மை உள்ளே ஊறியிருப்பின், மடிந்த பின்னரே முத்திரை விழுந்தது எனலாம். வெளியிடுமுன் அச்சிட்ட பர்மா, ஹவாய்த் தாள்களுக்கு இக்குறி பெருங்கேடு. ஆனால் 1919 ஆம் ஆண்டுத் தாள்கள் கைமாறிய பின்னரே முத்திரை பெற்றவை. அவற்றைப் பொய்யென்று தள்ள இக்குறி மட்டும் போதாது.

டொலர்த் தாள்களில் நட்சத்திரமாகவோ பூவாகவோ காணும் சின்னஞ்சிறு மைக்குறிகள் அரசினர் இட்டவையல்ல. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நாணயமாற்று வணிகர், தாம் சோதித்துக் கண்ட தாளுக்கு அடையாளமாகக் குத்துபவை. சேகரிப்போருட் பலர் இவற்றைக் கறையென்றே கொள்வர். விலை கூடுவதற்கு மாறாகக் குறையும். வங்கியலுவலரின் திகதி முத்திரைக்கும் இதே கதி.

ஐயமுள்ள தாளைக் கழுவுதலும், முத்திரையை அழித்துப் பார்த்தலும், சூட்டுப்பெட்டியால் தேய்த்தலும் ஆகா. ஒட்டுத்தலை கழன்றிருந்தால் பசை தடவித் திரும்ப ஒட்டாது, தாளுடன் ஓர் உறையில் இட்டு வைத்து, அறிந்தவரிடம் அவ்வாறே காட்டுதல் வேண்டும்.