பென்சிலில் திருத்து, கணினியில் முடி

1993 நவம்பரில், அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் தன் முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி'யின் முன்னோட்டத்தை டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியது. நாயகன் வுடி எல்லோரையும் மட்டம் தட்டும் கடுகடுப்பான பொம்மையாக இருந்தான். பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. தயாரிப்பு நின்றது. பிக்ஸார் குழு கதையைத் திருத்தி எழுதியது. 1995இல், முழுக்க முழுக்கக் கணினியில் உருவான உலகின் முதல் முழுநீளத் திரைப்படமாக அது வெளிவந்தது.

அன்று காட்டப்பட்டதற்குப் பெயர் 'ஸ்டோரி ரீல்'. காட்சிகளைக் கோட்டோவியங்களாக வரைந்து, வரிசைப்படுத்தி, குரலும் இசையும் சேர்த்து ஓடவிடுவார்கள். அதைப் பார்த்ததும் பிக்ஸாரின் 'பிரெய்ன்டிரஸ்ட்' என்ற சக படைப்பாளிகளின் குழு கூடி, கதை எங்கே தொய்கிறது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லும். அதை ஏற்பதும் விடுவதும் இயக்குநர் விருப்பம். பிறகு மீண்டும் வரைவு, மீண்டும் திரையிடல். 'வால்-ஈ' படத்துக்கு இப்படி வரைந்தவை ஏறத்தாழ 98,000 ஓவியங்கள். வானில் மிதக்கும் நகரத்தின் இளவரசர்கள் கதையாகத் தொடங்கிய 'அப்', பலூன்களால் வீட்டையே பறக்கவிடும் முதியவரின் கதையாக முடிந்தது.

கதையை இவ்வளவு அலசக் காரணம், அடுத்த கட்டத்தின் செலவு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒளி எங்கிருந்து வருகிறது, எதன்மேல் பட்டு எப்படிச் சிதறுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கணினி கணக்கிட வேண்டும். இதுதான் 'ரெண்டரிங்'. 'டாய் ஸ்டோரி'யின் 1,14,000க்கும் மேற்பட்ட சட்டங்களுக்கு 117 கணினிகள் சேர்ந்து சுமார் 8 லட்சம் மணி நேரம் உழைத்தன. ஒரே கணினியிடம் கொடுத்திருந்தால் சுமார் 90 ஆண்டுகள் ஆகியிருக்கும்!

உருவங்களுக்குப் பின்னாலும் கணிதம்தான். கணினி உருவம் முதலில் தட்டையான பட்டைகளால் ஆனது. ஒவ்வொரு பட்டையையும் நான்காகப் பிரித்து, முனைகளைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரிக்கு ஏற்ப நகர்த்தி, அதையே திரும்பத் திரும்பச் செய்தால் வழவழப்பான வளைபரப்பு கிடைக்கும். பின்னாளில் பிக்ஸாரை நிறுவியவர்களுள் ஒருவரான எட் கேட்மல், ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து 1978இல் வெளியிட்ட முறை இது. 1997இல் 'கெரிஸ் கேம்' குறும்படத்தின் முதியவருக்கு முகமும் கைகளும் கொடுத்தது இதுவே. 2001இல் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தின் அரக்கன் சல்லிக்கு உடலெங்கும் சுமார் 23 லட்சம் ரோமங்கள். அவன் ஓடும்போது அவை அசைவதை இயற்பியல் விதிகளின்படி கணினியே கணக்கிட்டது. கணினி வரைகலைப் பங்களிப்புக்காகக் கேட்மலும் வரைகலை அறிஞர் பாட் ஹன்ரஹனும் 2019ஆம் ஆண்டுக்கான, கணினித் துறையின் டூரிங் விருதைப் பெற்றார்கள்.

கதைக்கு இப்படியொரு சூத்திரம் கிடையாது. அதன் குறை தாமதமாகத் தெரிந்தால் என்னவாகும் என்பதை 'டாய் ஸ்டோரி 2' காட்டியது. வெளியீட்டுக்குச் சுமார் ஒன்பது மாதங்களே இருக்கும்போது கதை மாற்றி அமைக்கப்பட்டது. படம் வென்றது, ஆனால் இரவுபகலாக உழைத்த கலைஞர்கள் பலருக்குக் கை, மணிக்கட்டுப் பாதிப்புகள் வந்தன. ஓவியத்தாளில் பிழையைக் கண்டுபிடிக்கும் நிறுவனம் பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை. மனிதர்களின் உடல்நலத்தையும் காக்கிறது.