நீச்சல் குளத்தருகே அரளி வேண்டாமே!
எங்கள் அடுக்குமாடியில் நீச்சல் குளத்தைச் சுற்றி என்ன செடி வைக்கலாம் என்று பேச்சு வந்தது. "அரளி வையுங்க மாமி, தண்ணீரே கேட்காது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். வாஸ்தவம்தான். ஆனால் அரளியில் இலை, பூ, விதை, வேர் எல்லாமே விஷம்; இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடும். விளையாடும் குழந்தை எதை வாயில் போடும் என்று யார் கண்டது? காகிதப்பூவில் முள், வெறுங்காலுக்கு ஆகாது. குரோட்டன்ஸ் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

நான் சிபாரிசு செய்தது குட்டை ரக இட்லிப்பூச் செடி. முள்ளில்லை, விஷமில்லை, இலையும் அதிகம் கொட்டாது. நல்ல வெயிலில், குளத்து விளிம்பிலிருந்து 3 அடி தள்ளி நடுங்கள். குளோரின் தண்ணீர் அடிக்கடி தெறித்தால் இலை கருகும். வேர் பிடித்தபின் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டால் போதும்.

ஏற்கெனவே அரளி இருக்கிறதா? கையுறை போட்டுப் பிடுங்குங்கள். எரிக்க மட்டும் வேண்டாம். அதன் புகையும் ஆகாது.