பழம்பாடகரும் சலித்த செவிகளும்

"பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்பது நம் முன்னோர் மொழி. உணவுக்கும் உறவுக்கும் சொல்லப்பட்ட இம்மொழி இசைக்கும் பொருந்தும் என்பதை, இரசிகர்களின் பேச்சைச் சற்றே கவனித்தவர் எவரும் அறிவர். "இன்னும் எத்தனை நாளைக்கு இதே பாட்டைப் பாடப் போகிறார்?" என்று ஒருவர் அலுத்துக்கொள்கிறார். "குரல் போன பின்பும் மேடையை விட மனம் வரவில்லையே!" என்று மற்றொருவர் குறைகூறுகிறார். மூன்றாமவரோ, "தெரிந்த பாட்டைப் பாடாமல் புதிதாக ஏதோ பாடிவிட்டுப் போய்விட்டாரே!" என்று சினக்கிறார். இம்மூவரும் ஒரே கச்சேரியிலிருந்து வெளியே வருபவர்களாகவும் இருத்தல் கூடும்.

புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் மீது இரசிகருக்கு உண்டாகும் இச்சலிப்பு எங்கிருந்து பிறக்கிறது? பாடகரின் முதுமையிலிருந்தா, கேட்பவரின் மனத்திலிருந்தா, இவ்விருவருக்கும் நடுவே நின்று பாட்டை விற்பவரிடமிருந்தா? இக்கேள்விக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பினாங்குத் தீவே அதற்கு ஒரு தலைசிறந்த சான்றைத் தந்துள்ளது.

நம்மூர்க் கலைஞர் ஒருவர்

சுங்கை பினாங் வட்டாரத்தில் ஜாலான் பி. ராம்லி என்றொரு சாலை உண்டு. கனமழை பெய்து ஆறு பெருகினால் வெள்ளம் புகும் இடம் என்பதால் அப்பெயர் செய்திகளில் அடிக்கடி அடிபடும். முன்னாளில் அதற்குக் கவுன்டர் ஹால் சாலை என்று பெயர். மலாய்த் திரையுலகின் ஒப்பற்ற கலைஞரான பி. ராம்லி 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் இப்பினாங்கில் பிறந்தவர். தந்தையார் ஆச்சே நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்.

1948ஆம் ஆண்டில் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்னும் இந்திய இயக்குநர் இவரது பாட்டைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றார். 1950இல் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர் இயக்கிய 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் ராம்லி கதாநாயகரானார். 1955இல் 'பெனாரிக் பெச்சா' படத்தின் மூலம் தாமே இயக்குநருமானார். அதன்பின் அவர் தொட்டதெல்லாம் துலங்கிற்று. நடிப்பு, பாட்டு, இசையமைப்பு, கதை, இயக்கம் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட படங்களும் முந்நூறுக்கு மேற்பட்ட பாடல்களும் அவர் வாழ்நாளின் விளைச்சல். மலாய் நாட்டுப்புறச் சந்தம், இந்துஸ்தானி மெட்டு, மேனாட்டு நடன இசை ஆகிய மூன்றையும் கலந்து, கேட்பவர்க்கு ஒட்டுத் தெரியாமல் தந்தவர் அவர்.

ஆனால் 1960களில் காற்றுத் திசைமாறிற்று. 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தனர். மின்கித்தாரின் ஓசை இளைஞரைப் பற்றிக்கொண்டது. அடுத்துப் பீட்டில்ஸ் அலை வந்தது. மலாய் இளைஞர்கள் கித்தார்க் குழுக்கள் அமைத்து, 'பாப் யே யே' என்னும் புதிய பாணியைத் தொடங்கினர். எம். ஓஸ்மான் பாடிய 'சுசானா' 1964இல் வெளிவந்து ஊரெங்கும் ஒலித்தது. அதே ஆண்டில் ராம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரின் மெர்டேக்கா படநிலையத்துக்கு மாறினார். அங்கு அவர் 18 படங்களை இயக்கியபோதும் பழைய வரவேற்பு இல்லை. வெளிநாட்டு வண்ணப் படங்களோடு அவரது கறுப்பு வெள்ளைப் படங்கள் போட்டியிட நேர்ந்தது. 1963ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய தொலைக்காட்சியும் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டது. இவற்றோடு, "இவர் பழையவர்" என்ற எண்ணமும் இளைஞரிடையே வேரூன்றிவிட்டது. மேடையில் அவரைக் கேலிக்குரல் எழுப்பி இறக்கினர் என்பது அவர் வரலாற்றைக் கூறுவோர் பலரும் சொல்லும் செய்தி.

1971இல் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில் மலாய் இசையை உயர்த்தும் வழிகள் குறித்து அவர் கட்டுரை படித்தார். 1972இல் வெளிவந்த 'லக்சமானா டோ ரே மி' அவரது கடைசிப் படமாயிற்று. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தபோது அவருக்கு வயது 44 மட்டுமே. "கிழவர்" என்று ஒதுக்கப்பட்டவர் கிழப்பருவத்தைக் காணவே இல்லை! 1990இல் அவருக்கு இறப்புக்குப் பின் 'டான் ஸ்ரீ' விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. ஒருகால் வேண்டாமென்று தள்ளிய அதே பாட்டுகள், பின்னாளில் விழாதோறும் தவறாமல் ஒலிக்கலாயின.

தமிழ்நாட்டில் ஓர் இணை

இதனோடு எம். கே. தியாகராஜ பாகவதரின் வரலாற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947இல் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். அதன்பின் வந்த 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி' (1952), 'புதுவாழ்வு' (1957) ஆகிய எவையும் பழைய வெற்றியைத் தரவில்லை. குரலில் பெருங்குறை நேர்ந்ததால் வந்த தோல்வி என்று இதைச் சொல்லிவிட முடியாது. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) போன்ற வசனப் படங்களின் காலம் வந்துவிட்டது. 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பாகவதர் மறைந்தார். அவருக்கும் ஐம்பது வயது நிரம்பவில்லை.

இவ்விரு வரலாறுகளும் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. கலைஞர் "பழையவர்" ஆவதற்கு அவருடைய வயது முதற்காரணம் ஆகாது. கேட்பவரின் செவி நிறைந்துவிட்டதும், கால்மாற்றத்தில் அவர்தம் ஆசை வேறிடம் சென்றதுமே காரணம்.

செவி நிறைவதன் இயல்பு

மனநூலார் இதனை ஆராய்ந்துள்ளனர். முன்பின் அறியாத ஒன்றைப் பலமுறை கண்டாலே அதன்மீது விருப்பம் பிறக்கிறது என்பதை ராபர்ட் சையன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1968இல் எடுத்துக்காட்டினார். முதல்முறை கேட்கையில் மனத்தில் ஒட்டாத பாட்டு, ஐந்தாம் முறையில் இனிப்பது இதனால்தான். ஆனால் இவ்விருப்பம் முடிவின்றி வளர்வதில்லை. டேனியல் பெர்லைன் என்பவர், விருப்பம் கவிழ்த்து வைத்த வில்லைப் போல ஏறி, உச்சியடைந்து, பின் இறங்கும் என்றார். எளிய பாட்டு விரைவில் உச்சிக்கு ஏறி விரைவில் இறங்கும். நுட்பம் மிகுந்த பாட்டு மெல்ல ஏறி நெடுங்காலம் நிற்கும். ஆகவே ஒரு பாட்டைக் கேட்டுச் சலிப்பதால் நாம் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடமாட்டோம். அது மனத்தின் இயல்பு.

மற்றொரு செய்தியும் உண்டு. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவையே மிகுதியாக வெளிவருகின்றன. அப்பருவத்தில் கேட்ட பாட்டுத்தான் ஒருவருக்கு "உண்மையான பாட்டு". ராம்லியைப் பழையவர் என்று தள்ளிவிட்டுக் கித்தாரின் பின்னே ஓடிய இளைஞர்கள் இன்று எழுபதைக் கடந்த பெரியவர்கள். அவர்களுக்குப் பாப் யே யே இனிக்கிறது. பேரப் பிள்ளைகளுக்கு அது பழம்பாட்டாகிவிட்டது.

இசைத்தட்டு செய்த வேலை

முதுமையால் குரல் மாறுவது மறுக்க முடியாத உடலியல்பு. குரல்வளைக் குருத்தெலும்புகள் இறுகுகின்றன. குரல்நாண்களின் தசை மெலிந்து நெகிழ்ச்சி குறைகிறது. மூச்சின் வலிமையும் தளர்கிறது. மேல்சுருதி எட்டாமற் போகிறது. நீண்ட கார்வை நடுங்குகிறது.

ஆயினும் எல்லாப் பாடகரையும் இது ஒரே அளவில் தாக்குவதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதுக்குப் பின்னும் மேடையேறினார். 2003இல் 95 வயதில் மறைந்தார். இளமைக் குரலை எதிர்பார்த்து எவரும் அவர் கச்சேரிக்குச் செல்லவில்லை. கீர்த்தனம் பழையதாயினும் அதற்கு முன் பாடும் இராக ஆலாபனையும் நடுவே பாடும் நிரவலும் சுரமும் அன்றன்று பிறப்பவை. குரல் தளர்ந்தபோதும் கற்பனை தளராதிருக்கலாம். இரசிகர் அக்கற்பனையைக் கேட்கவே வந்தனர்.

சினிமாப் பாடகர்க்கும் மேனாட்டு ராக் குழுவினர்க்கும் அவ்வசதி இல்லை. அவர்களுடைய பாட்டு இசைத்தட்டில் ஒரே வடிவத்தில் உறைந்துவிட்டது. இருபத்தைந்து வயதில் பதிவான குரலை இரசிகர் ஆயிரம் முறை கேட்டுவிட்டு, எழுபது வயதில் அதே பாடகர் மேடையேறும்போது அதனோடு ஒப்பிடுகிறார். அப்பாடகர் போட்டியிட வேண்டியது தம் இளமையோடு. அப்போட்டியில் வென்றவர் எவருமில்லை.

நடுவில் நிற்பவர்கள்

சலிப்பின் மூன்றாவது ஊற்று வானொலியும் நிகழ்ச்சி நடத்துவோருமாவர். அறியாத பாட்டு ஒலித்தால் நேயர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார் என்ற அச்சம் வணிக வானொலிக்கு என்றும் உண்டு. எனவே பலருக்கும் பிடித்த சில நூறு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றையே சுழலவிடுவது வழக்கம். அமெரிக்காவில் பழைய ராக் பாட்டுகளுக்கென்றே தனி நிலையங்கள் 1980களில் பெருகியபோது இம்முறை நன்றாக வேரூன்றிற்று. ஒரு குழு நூறு பாட்டு இயற்றியிருந்தாலும் நேயர் செவிக்கு எட்டுவது நான்கைந்துதான். எஞ்சியவை அலமாரியில் தூங்குகின்றன. ஒலிப்பவையோ அளவு மிஞ்சிய அமிர்தமாகின்றன.

கலைஞர் புதியது செய்ய முனைந்தால் என்ன ஆகிறது? 2017ஆம் ஆண்டு ஜூலையில் இலண்டன் வெம்பிளியில் ஏ. ஆர். இரகுமான் நடத்திய நிகழ்ச்சியில், தமிழ்ப் பாட்டுகள் மிகுந்துவிட்டன என்று இந்தி இரசிகர் சிலர் நடுவிலேயே எழுந்து சென்றனர். அறிந்த பாட்டு வரவில்லை என்பதே அவர்கள் குறை. 1962இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் 2023இல் தாங்கள் இயற்றிய புதிய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவர்களுள் முதன்மைப் பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது வயது எண்பது. அவர்கள் கச்சேரிக்குச் செல்லும் பெருங்கூட்டமோ 1960களின் பாட்டைக் கேட்கவே கட்டணம் செலுத்துகிறது. "ஏன் பழையதையே பாடுகிறார்?" என்பவரும், "ஏன் பழையதைப் பாடவில்லை?" என்பவரும் நாமே. இந்த இருதலைக் கொள்ளியில் அகப்பட்ட எறும்பாகக் கலைஞர் தவிக்கிறார்.

சலிக்காத பாட்டு

இவ்வளவுக்கும் நடுவே, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத பாட்டும் உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமியின் 'வேங்கடேச சுப்ரபாதம்' 1963இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அறுபது ஆண்டுகளாகக் கோயில்களிலும் இல்லங்களிலும் விடியற்காலையில் அது ஒலிக்கிறது, "ஐயோ, மறுபடியுமா!" என்று எவரும் முகஞ்சுளிப்பதில்லை. பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல்தோறும் ஒலிக்கும் முருகன் பாட்டுகளும் அத்தகையவையே. காரணம் எளிது. அவற்றுக்கு ஒரு பொழுதும் ஓர் இடமும் உண்டு. சுப்ரபாதம் நண்பகலில் ஒலிப்பதில்லை; தைப்பூசப் பாட்டு ஓராண்டு காத்திருந்து வருகிறது. பொழுதும் இடமும் வரையறுக்கப்பட்டபோது திரும்பக் கேட்பது வழிபாடாகிறது. வரையறையின்றி நாளெல்லாம் கடையிலும் பேருந்திலும் ஒலிக்கும்போது அதுவே தொல்லையாகிறது.

அதே சுப்புலட்சுமி அம்மையார் 1997இல் கணவர் சதாசிவம் மறைந்தபின் மேடைக் கச்சேரியை நிறுத்திக்கொண்டார். எப்போது நிறுத்துவது என்பது கலைஞர் தாமே முடிவுசெய்ய வேண்டியது. அம்முடிவைக் கூச்சலிட்டுத் திணிக்கும் உரிமை இரசிகர்க்கு இல்லை என்பதே ராம்லியின் கதை நமக்குச் சொல்லும் பாடம். 44 வயதில் மறைந்தவரிடம் இன்னும் எத்தனை பாட்டுகள் இருந்தன என்பதை இனி யாராலும் அறிய முடியாது.

இரசிகர் செய்யக்கூடியவை சில உள. விருப்பப் பாட்டுக் கேட்டு வானொலிக்குச் சொல்லும்போது, எல்லாரும் கேட்கும் பாட்டை விட்டுவிட்டு, அதே கலைஞரின் அதிகம் ஒலிக்காத பாட்டைக் கேட்கலாம். கச்சேரியில் புதிய உருப்படி தொடங்கியதும் சிற்றுண்டிக்கு எழாமல் இருந்து கேட்கலாம். சலித்த பாட்டைச் சில மாதங்கள் ஒதுக்கிவைத்தால் அது தானே மீண்டும் இனிக்கும். கவிழ்ந்த வில் இறங்கிய பின் ஓய்வு தந்தால் மறுபடி ஏறக்கூடியது. பால் புளித்தால் தயிராகும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். அதற்கும் ஓர் இரவு தொடாமல் வைத்திருக்க வேண்டும்.