பாறையை விட்டுத் தாளுக்கு வந்த விலங்குகள்

கள்ளக்குறிச்சிக்கு வடகிழக்கே, விழுப்புரம் மாவட்டக் கீழ்வாலையில், செங்காவியால் தீட்டப்பட்ட தொல்பழங்காலப் பாறை ஓவியங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து வரையும் கைகள்தாம் அவ்வட்டாரத்தில் இல்லை. நீலகிரியின் நிலை வேறு. கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பையின் ஆலு குறும்பர்கள், அருகிலுள்ள பாறை ஓவியங்களைத் தம் முன்னோர் வரைந்தவையாகவே கருதுவதோடு, வேங்கைப் பிசினின் செம்பழுப்பையும் இலைச்சாற்றின் பச்சையையும் கொண்டு, தேனெடுப்பையும் காட்டையும் தாளிலும் துணியிலும் வரைந்து வருகின்றனர். அவ்வூர்க் கிருஷ்ணனின் ஓவியங்கள் வழியாகவே இம்மரபு வெளியுலகில் பரவலாக அறியப்பட்டது.

பழங்குடி ஓவியம் தாளுக்கு இடம்பெயர்ந்த வரலாறுகளில் விரிவான ஒன்று, கனடாவின் வடக்கில் பாஃபின் தீவை ஒட்டிய சிறு தீவிலுள்ள கின்கைட் என்னும் இனுயிட் ஊரினுடையது. அங்கு 1950-களின் பிற்பகுதியில் அச்சோவியப் பணியைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் ஹூஸ்டன், 1958-இல் ஜப்பான் சென்று அச்சுக்கலை பயின்று திரும்ப, 1959-இல் முதல் தொகுப்பு வெளிவந்தது. ஒருவர் வரைந்த உருவத்தை மற்றொருவர் கல்லில் செதுக்கி, மை பூசி, மெல்லிய தாளில் கையாலேயே ஒற்றியெடுக்கும் இம்முறைக்குக் கல்லச்சு என்று பெயர்; வரைந்தவரோடு அச்செடுத்தவரின் பெயரும் பதிவாவது இதன் நேர்மையான ஏற்பாடு. கெனோஜுவாக் அஷெவாக் வரைந்த, ஒளிக்கதிர்கள்போல் இறகு விரித்த ஆந்தை 1960-இல் இவ்வாறே அச்சேறி, 1970-இல் கனடாவின் அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கம் அச்சேறாத ஓவியங்களையும் விலை கொடுத்து வாங்கி வைத்ததால், பல்லாயிரம் தாள்கள் ஒரே தொகுதியாக எஞ்சியுள்ளன. நீலகிரிக்கு வாய்க்காத பேறு இதுவே எனலாம்.

அடுத்த தலைமுறை ஓவியரான டிம் பிட்சியுலாக் (1967–2016) வேட்டைக்காரராகவும் இருந்தார். கேமராவில் எடுத்த படங்களைத் துணைகொண்டு, பெரிய தாள்களில் வண்ணப் பென்சிலால் திமிங்கிலங்களை வரைந்தார். 2013-இல் வெளியான கனடாவின் 25 சென்ட் நாணயத்தில் உள்ள திமிங்கிலங்கள் அவருடையவை. அவருக்குத் திமிங்கிலம் வெறும் காட்சிப்பொருளன்று, உணவு. குறும்பர் ஓவியத்தில் செங்குத்துப் பாறையும் கொடியேணியும் தேனீயும் பிரியாமல் சேர்ந்து வருவதற்கும் பிழைப்போடு கலந்த அத்தகைய பார்வையே காரணம். ஆயினும் கேமராவும் கடைப் பென்சிலும் இனுயிட் கலையின் மதிப்பைக் குறைக்காதபோது, குறும்பர் ஓவியத்தில் மட்டும் வேங்கைப் பிசினின் தொன்மையைத் தேடிப் பாராட்டுவது ஓவியரின் கைத்திறனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளும் பாராட்டாகும்.