ஈச்சிலம்பற்று வரை வந்த மாதர் சங்கம்

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர் என்று தெற்கே இறங்கிப் போனால், மாவட்டத்தின் கடைசி ஊர்களாக வருபவை ஈச்சிலம்பற்றும் அதைச் சுற்றியுள்ள பூநகர், இலங்கைத்துறை முகத்துவாரம், உப்பூறல், வெருகல் முதலிய கிராமங்களும். கிழக்கே கடலும் உல்லைக்கழிக் களப்பும். தெற்கே மகாவலியின் கிளையான வெருகல் ஆறு. அதைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும். வயல், சேனை, மீன், மாடு என்று நான்கையும் நம்பிப் பிழைக்கிற மண். வெள்ளமும் வரட்சியும் ஒரே ஆண்டில் வரக்கூடிய மண்ணும் இதுதான்.

கிழக்கின் இப்படியான ஊர்களில் எதை நடத்தவேண்டுமென்றாலும் முதலில் தேடப்படுவது மாதர் சங்கம். அரச பதிவில் அதன் பெயர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். அந்த நீளப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. தலைவி, செயலாளர், பொருளாளர், மாதமொரு கூட்டம், ஒரு குறிப்பேடு, சந்தாப் பணம். கிணறு இறைப்பது, முன்பள்ளிக்குக் கூரை போடுவது, வீதியோரப் பற்றையை வெட்டும் சிரமதானம், சாவீட்டுக்குச் சமைத்துக் கொடுப்பது, நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பிரதேச செயலகத்துக்குப் போவது எல்லாம் இவர்கள் தலையில்தான் விழும். சம்பளம் கிடையாது. அந்த வேலைக்குப் பொதுச்சேவை என்று பெயர் வைத்து யாரும் பாராட்டுவதும் குறைவு.

இந்தச் சங்கங்களுக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. அதன் நடுவில் நிற்பவர் வைத்தியர் மேரி இரட்ணம். 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்ற சிற்றூரில் பிறந்தவர். மருத்துவம் படித்து, 1896இல் அமெரிக்க மிஷனின் பணிக்காக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத் தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தை மணந்தார். உள்ளூர்க்காரரை மணந்த பெண்ணை மிஷன் ஏற்கவில்லை. அவர் திரும்பிப் போகவுமில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தபடி, அவர்களுக்கான சங்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார். 1909இல் உருவான தமிழ் மாதர் சங்கத்தின் பின்னாலும் அவர் இருந்தார். கலாலயம் என்ற இசை, நடனப் பள்ளியை நடத்திவருவது அந்தச் சங்கம்தான்.

அவர் பிறந்த ஒன்ராறியோவில், அவர் புறப்பட்டுவந்த மறு ஆண்டு, 1897இல், அடிலெய்ட் ஹூட்லெஸ் என்பவரின் பேச்சைக் கேட்டுக் கிராமத்துப் பெண்கள் ஒரு கழகம் அமைத்தார்கள். கெட்டுப்போன பாலால் குழந்தையைப் பறிகொடுத்தவர் ஹூட்லெஸ். வீட்டுச் சுகாதாரத்தைப் பெண்கள் கூடிக் கற்கவேண்டும் என்ற அவருடைய எண்ணம் கனடா முழுவதும் பரவியது. அந்த மாதிரியைத் தம் இரண்டாம் நாட்டுக்குக் கொண்டுவந்து, 1930இல் இலங்கை மகிலா சமிதியைத் தொடங்கினார் மேரி இரட்ணம். சத்துணவு, பிரசவப் பராமரிப்பு, மலசலகூடம், தோட்டம், நெசவு என்று கிராமத்துப் பெண்களுக்கு எட்டுகிற இடத்திலிருந்து தொடங்கியது அது. பெரும்பாலும் சிங்களக் கிராமங்களில்தான் அது வேரூன்றியது. ஆனால் கிராமத்துப் பெண்கள் தாங்களே ஒரு சங்கம் நடத்தலாம் என்பதை நாட்டுக்குக் காட்டியது.

மேரி இரட்ணத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் செய்ததில் பாதிதான் இது. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தபோதும் முன்னணியில் நின்றவர் அவர். அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்காக வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அந்தச் சங்கத்தின் சார்பில் சாட்சியமளித்த அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் அவர். படித்த, வசதியான பெண்களின் சங்கமொன்று அந்தக் காலத்தில் அப்படி நின்றதை எண்ணும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. 1931இல் இருபத்தொரு வயது வந்த பெண்கள் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற பெண் அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1937இல் மேரி இரட்ணம் பம்பலப்பிட்டியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்கு வென்றார். சில மாதங்களில் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்த ஆசனத்தைப் பறித்தார்கள். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

ஊர்ச் சங்கமும் வாக்குச் சீட்டும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். கிழக்கின் கோடிக்கு அதில் ஒரு கை மட்டுமே வந்துசேர்ந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அரசு கிராம அபிவிருத்தித் திணைக்களத்தை நிறுவியது. ஊருக்கொரு கிராம அபிவிருத்திச் சங்கமும், பெண்களுக்கென்று மாதர் சங்கமும் பதிவாகின. தையல் வகுப்பு, முன்பள்ளி, சிறு சேமிப்பு என்று வேலைகள் வகுக்கப்பட்டன. பதிவும் கணக்காய்வும் அரசிடம், உழைப்பு பெண்களிடம். வீதி எங்கே போடுவது, குழாய் எந்தப் பக்கம் வருவது போன்ற முடிவுகள் வேறு மேசையில். 1987க்குப் பின் கிராம அபிவிருத்தி மாகாண சபைக்குக் கைமாறியபோதும் இந்தப் பங்கீடு மாறவில்லை.

இதற்கிடையில் யுத்தம். 2004 டிசம்பரில் கடல் வந்து அடித்துப் போனதிலிருந்து எழும்புவதற்குள், 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டுப் பிரச்சினையோடு மீண்டும் சண்டை மூண்டது. எறிகணைக்கு அஞ்சி ஈச்சிலம்பற்று மக்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினார்கள். அங்கும் பாதுகாப்பில்லை. கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோர்மீது 2006 நவம்பர் 8ஆம் திகதி எறிகணைகள் விழுந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எஞ்சியவர்கள் மட்டக்களப்பு முகாம்களுக்குப் போய், 2007இல் தொகுதி தொகுதியாகத் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவர்களில் கணவனை இழந்த பெண்கள் பலர். கணவன் என்னவானான் என்றே தெரியாதவர்களும் இருந்தார்கள். மீள்குடியேறிய கிராமத்தில் எந்த நிறுவனம் உதவிக்கு வந்தாலும் முதலில் கேட்டது, இங்கே சங்கம் இருக்கிறதா என்றுதான். தறப்பாள், கூரைத் தகரம், விதைநெல், கோழிக்குஞ்சு எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும். யார் வீட்டில் யார் இல்லை, எந்தப் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது கந்தோரில் இருப்பவரைவிட அயல்வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். அதனால் அந்தப் பட்டியல்களும் பெண்களை நம்பியே நின்றன.

சங்கம் செய்த இன்னொரு பெரிய காரியம் கடன். 2000ஆம் ஆண்டளவில் உலக வங்கி உதவியுடன் வடக்கு கிழக்கில் நடந்த நீர்ப்பாசன விவசாயத் திட்டம், குளங்களையும் வீதிகளையும் திருத்தியதோடு மாதர் சங்கங்களுக்குச் சுழற்சிக் கடன் நிதியும் கொடுத்தது. ஒருத்தி எடுத்த காசைத் திருப்பிக் கட்டினால் அடுத்தவளுக்கு. வட்டி குறைவு, அதுவும் சங்கத்துக்கே வரும். கச்சான் போடவோ ஆடு வாங்கவோ போதுமான தொகைதான். ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சலாகி ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால், "அக்கா, அடுத்த மாசம் தாறன்" என்று சொல்லக்கூடிய இடம் அது.

யுத்தம் முடிந்ததும் திருகோணமலையை மட்டக்களப்புடன் இணைக்கும் ஏ15 வீதியில் பாலங்கள் வந்தன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பாதை திறந்தபோது நுண்கடன் கம்பனிகளும் வந்தன. பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை நிற்கவைக்கும் முறை வங்காளதேசத்தின் கிராமின் வங்கியால் புகழ்பெற்றது. சங்கம் பல்லாண்டு காத்துவைத்த அயல் நம்பிக்கையையே இந்தக் கம்பனிகள் ஈடாக எடுத்துக்கொண்டன. கிழமைக் கட்டுக்காசு தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்டவேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கூட்டமாக இருந்து சிரித்துப் பேசிய பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க அஞ்சினார்கள். வட்டியைவிட இந்த முறிவுதான் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிகிறது. வட்டியைச் சட்டத்தால் குறைக்கலாம், அயலுறவை எந்தச் சட்டம் ஒட்டும்?

2018இல் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இந்தக் கடன்களின் கொடுமையைக் கவலையோடு சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில் நிலுவையானவற்றைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. திருகோணமலையும் அதில் ஒன்று. பின்னர் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வந்தது. 2021 மகளிர் தினத்தன்று பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். கம்பனிக் கடனுக்குப் பதிலாகப் பெண்களே நடத்தும் கூட்டுறவுக் கடன் வேண்டும் என்பதே இந்தப் போராட்டங்களில் எழுந்த கோரிக்கை. பழைய மாதர் சங்கம் சிறு அளவில் செய்துகாட்டியது அதைத்தான்.

வராமல் நின்ற மற்றக் கை, வாக்கின் வழி வரும் அதிகாரம், இத்தனை காலத்துக்குப் பின் இப்போதுதான் எட்டத் தொடங்கியிருக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்ற சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் 2018 பெப்ரவரியில் நடந்தது. அதுவரை நாடெங்கும் உறுப்பினர்களில் பெண்கள் இரண்டு சதவீதத்தைத் தொட்டதில்லை. அந்தத் தேர்தலோடு அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. ஆனால் பட்டியலை நிரப்பக் கடைசி நேரத்தில் ஒரு பெண்பெயர் தேடிய கட்சிகளும் உண்டு. தேடவேண்டிய தேவையே இல்லை. ஒரு கிராமத்தின் கணக்கைப் பத்து வருடம் பிசகாமல் எழுதிய பொருளாளரும், கந்தோர் கந்தோராக ஏறியிறங்கிய தலைவியும் ஒவ்வொரு மாதர் சங்கத்திலும் இருக்கிறார்கள்.

ஈச்சிலம்பற்றுப் பகுதிக்குரிய வெருகல் பிரதேச சபை ஒரு சிறிய சபை. கிணறு, தெருவிளக்கு, உள்வீதி, சந்தை, மயானம் என்று அதன் கையிலிருக்கும் விடயங்கள் எல்லாம் மாதர் சங்கக் கூட்டத்தில் மாதாமாதம் பேசப்படுபவை. ஒவ்வொரு கிராமத்தின் மாதர் சங்கமும் தன் தீர்மானங்களை எழுத்தில் கொடுக்கட்டும். அவற்றைச் சபை தன் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஏற்றதையும் மறுத்ததையும் காரணத்தோடு எழுத்தில் திருப்பி அனுப்பட்டும். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைத் தீட்டும்போது அந்தப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கட்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை, சபையின் ஒரு தீர்மானம் போதும்.